சூடு தாங்கும் கை

சூளையிலிருந்து இழுத்து நிறுத்திய டிராலியில் கையை வைத்துப் பார்த்து, "எடுக்கலாம்" என்று சொல்வது எங்கள் கம்பெனியில் என் வேலையாக இருந்தது. அப்படி ஒரு வேலை எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. பீங்கான் டிப்ளமா முடித்துவிட்டு விருத்தாசலம் தொழிற்பேட்டையில் தரம் பார்ப்பவளாகச் சேர்ந்தவள் நான். கரண்டு ஃபியூஸுக்கான பீங்கான் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மேலே கண்ணாடி போலப் படிந்திருக்கும் பூச்சில் கீறல் இருக்கிறதா, ஊசித்துளை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் சிவப்பு மையைத் தடவித் துடைப்போம். கண்ணுக்குத் தெரியாத விரிசலிலும் மை இறங்கிக் கோடு போட்டுக் காட்டிவிடும். பொருளுக்குத் தோல் டாக்டர் என்று என்னை நானே சொல்லிக்கொள்வேன். அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

"எடுக்கலாம்" என்று சொல்கிற வேலை தானாக வந்து சேர்ந்தது. சூளையில் வெந்த சரக்கு ஆற நேரம் கொடுக்க வேண்டும். ஆனால் லாரிக்காரர் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். அதனால் யாராவது ஒருவர் தொட்டுப் பார்த்துச் சொல்வது வழக்கம். உள்ளங்கையை வைக்க மாட்டோம். சுண்டு விரல் பக்கத்து விளிம்பைத்தான் வைப்போம். அங்கே சுட்டால் மறுநாள் வேலை கெடாது என்பது சூளைக்காரர்கள் போட்டு வைத்திருக்கிற கணக்கு. மற்றவர்கள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்ளும் சூட்டில் நான் நிதானமாக வைத்திருந்தேன். என் பேச்சை நம்பிக் கட்டையைத் தூக்கிய பெண்கள் கையை உதறிக்கொண்டு என்னை வாழ்த்தினார்கள்.

"ஏக்கா, ஒனக்கு என்னா எருமத் தோலா? எங்க கை என்னா எரவலா வாங்குன கையா?"

மேஸ்திரி மட்டும் அசந்துபோனார். "சூளைக்குன்னே பொறந்த கை இது. இனிமே இந்தம்மா சொன்னா சொன்னதுதான். நீங்கள்லாம் துணியச் சுத்திக்கிட்டு எடுங்க" என்றார். லாரி சீக்கிரம் போனால் அவருக்கு நிம்மதி. அந்தத் தீபாவளிக்கு எனக்கு மட்டும் ஸ்வீட் பாக்ஸ் ஒன்று கூடுதலாக வந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதன் பிறகு எங்கள் கம்பெனிக்குப் புதிதாக யார் வந்தாலும் மேஸ்திரி என் கையைக் காட்டிப் பேசுவார். கோயில் யானையைக் காட்டுவது மாதிரி காட்டுவார். நானும் காட்டிக்கொண்டு நிற்பேன்.

கொப்புளத்தை முதலில் பார்த்தது நான் இல்லை. ஒரு நாள் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்தபோது எதிரில் இருந்த பெண் சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஏக்கா, கையில என்னா இவ்ளோ பெருசா தண்ணி கோத்துருக்குது?" என்றாள். வலது கை விளிம்பில், சுண்டு விரலுக்குக் கீழே, கொட்டைப்பாக்கு அளவில் நீர் கோத்து நின்றது. காலையிலோ முந்தைய நாளோ பட்டிருக்க வேண்டும். அந்தக் கையால்தான் பாப்பாவுக்குத் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பியிருந்தேன். அதே கையால்தான் இப்போது சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். கொப்புளத்தை அமுக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கட்டுப் போடுகிற அறையில் நர்ஸ் செத்த தோலைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வலிக்கலையாக்கா?"

"சூளையில வேல பாக்குற கைம்மா. இதெல்லாம் அத ஒண்ணும் பண்ணாது."

நர்ஸ் சிரிக்கவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். என் முழங்கைக்குக் கீழே வெளுத்திருந்த படையைப் பார்த்து, இது எத்தனை நாளாக என்று கேட்டார். தேமல்தானே, எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இருக்கிறது என்றேன். அவர் கட்டுப் போட்டு முடித்து, என்னை நேராகத் தோல் டாக்டரின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் வயதில் என்னைவிடச் சின்னப் பெண். அவருடைய செல்போனில் மருந்து பாட்டில் மூடி அளவுக்கு ஒரு லென்ஸ் மாட்டியிருந்தது. அதைப் படையின் மேல் வைத்ததும் என் தோல் திரை முழுக்க விரிந்தது. ரோமம் இல்லை, வேர்வைத் துளை இருந்த அடையாளம் இல்லை. கம்மாபுரம் பக்கம் சுரங்கத்து மண்ணைக் கொட்டி வைத்திருக்கிற மேடு மாதிரி காய்ந்து கிடந்தது. பூச்சில் குறை கண்டுபிடித்துப் பழகிய கண் எனக்கு. நன்றாக வந்திருக்கிறது படம் என்றுதான் தோன்றியது. இனி செல்போனே நோயின் பெயரைச் சொல்லிவிடும் என்று நினைத்தேன். அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, பஞ்சுச் சுருளிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து நுனியைத் திரித்தார்.

"கண்ண மூடிக்கோங்கக்கா. நான் தொடுற எடத்த இன்னொரு கை வெரலால தொட்டுக் காட்டுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவ்ளோ பெரிய லென்ஸ வச்சிக்கிட்டு, பழைய குருடி கதவத் தெறடின்னு பஞ்சுக்கே வந்துட்டீங்களே டாக்டர்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தோல் எப்படி இருக்குதுன்னு லென்ஸ் காட்டும்க்கா. தோலுக்குத் தெரியுதா இல்லையான்னு அதால சொல்ல முடியாது. அத நீங்கதான் சொல்லணும்" என்றார்.

கண்ணை மூடினேன். கன்னத்தைத் தொட்டார், காட்டினேன். தோளைத் தொட்டார், காட்டினேன். எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டேன் என்ற திருப்தியோடு கண்ணைத் திறந்தேன். முழங்கையிலிருந்து சுண்டு விரல் வரை நீல மையில் புள்ளிகள். பஞ்சால் தொட்டும் நான் காட்டாத இடத்தில் எல்லாம் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். பஞ்சு பட்டது தெரியவில்லை, சரி. பேனா முனை அழுந்தியது? அதுவும் தெரியவில்லை. மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. எங்கள் கம்பெனியில் அப்படி மை இறங்கிய கட்டையை எடுத்து உடைசல் தொட்டியில் போட்டுவிடுவோம்.

பிறகு அவர் என் முழங்கையின் உள்பக்கம் விரலை விட்டு நரம்பைத் தேடி உருட்டிப் பார்த்தார். காது மடலில் பிளேடு நுனியால் லேசாகக் கீறி, கசிந்ததைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதற்கு அப்புறம்தான் சொன்னார், தொழுநோய் என்று. தெருச்சண்டையில் வீசுகிற இன்னொரு வார்த்தையும் எனக்குத் தெரியும். அதை அவர் சொல்லவில்லை.

இந்த இடத்தில் நான் அழுதிருக்க வேண்டும். சினிமாவாக இருந்தால் வெளியே மழை பெய்திருக்கும். எனக்கு எதுவும் தோன்றவில்லை. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். இட்லிக்கு உளுந்து ஊறப் போட்டுவிட்டு வந்தோமா, இல்லையா என்று யோசித்தது நினைவில் இருக்கிறது.

டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மாத்திரை இங்கேயே கிடைக்கும், காசு கிடையாது. ஒரு வருஷம் விடாமல் சாப்பிட வேண்டும். மாத்திரை உள்ளே போனதும் கிருமி மற்றவருக்குத் தொற்றாது. குழந்தையை எப்போதும் போலத் தூக்கலாம், கொஞ்சலாம். "கிருமி செத்துடும்க்கா. அதப் பத்திக் கவலையே இல்ல. நரம்புதான் வேற கத. மரத்துப் போயி ஆறு மாசத்துக்குள்ளன்னா உணர்ச்சி திரும்ப நல்ல வாய்ப்பு இருக்குது. அதுக்கு மேல போயிருந்தா சொல்றது கஷ்டம். எப்ப ஆரம்பிச்சுது?"

எப்போது ஆரம்பித்தது? வலி வந்த நாளைக் கேட்டால் யாரும் சொல்வார்கள். தெரியாமல் போன நாளை எப்படிச் சொல்வது? யோசித்து யோசித்துப் பார்த்தேன். மேஸ்திரி என் கையைப் புகழ ஆரம்பித்தது எப்போது என்பதுதான் நினைவுக்கு வந்தது. ஸ்வீட் பாக்ஸ் வந்த தீபாவளி போன வருஷத்தது இல்லை, அதற்கும் முந்தினது.

"ரெண்டு தீபாவளி ஆயிடுச்சு டாக்டர்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் கையையே பிடித்துக்கொண்டிருந்தார். "பாப்போம்க்கா" என்றார்.

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். அவர் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். சீசன் முழுக்கப் பெண்ணாடம் ஆலை வாசலில் வரிசையில் நின்றே பாதி நாள் போகும். பேச்சும் டிராக்டர் வேகத்தில்தான் வரும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாப்பாவுக்கு?" என்று மட்டும் கேட்டார். பாப்பா அப்போது இரண்டாம் வகுப்பு. அடுத்த தடவை அவளையும் அவரையும் கூட்டிவரச் சொல்லியிருப்பதைச் சொன்னேன். மறுநாள் அவர் ஆலைக்குப் போகவில்லை. பழைய டிராக்டர் டியூப்பை நாடா நாடாவாக வெட்டி, வாணலி, குக்கர், தோசைக் கரண்டி, டீ போடும் பாத்திரம் என்று வீட்டில் பிடி இருக்கிற எல்லாவற்றிலும் சுற்றிவிட்டார். சூடு தெரியாத கைக்குப் பாதுகாப்பாம்.

"இது வூடா, பஞ்சர் கடையா?" என்று கத்தினேன். ரப்பர் காய்ந்து ஒரு வாரம் குழம்பெல்லாம் டயர் வாசனை அடித்தது.

ஆஸ்பத்திரியில் அவர் சட்டையைக் கழற்றிவிட்டு ராணுவத்துக்கு ஆள் எடுக்க வந்தவர் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றார். பாப்பாவோ கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சு பட்ட இடத்தையெல்லாம் ஸ்கூலில் வருகைக்குப் பதில் சொல்வதைப் போலச் சத்தமாகச் சொன்னாள். கழுத்தில் பட்டபோது கூச்சம் தாங்காமல் ஸ்டூலிலிருந்து இறங்கி ஓடினாள். இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. முன்னெச்சரிக்கைக்கு ஒரு வேளை மாத்திரை கொடுத்தார்கள். அவர் வெளியே வந்து டீக்கடையில் தொடர்ந்து இரண்டு டீ குடித்தார். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை.

அந்த ஒரு வருஷத்தில் எதுவும் என் மேல் சரியாகப் படவில்லை. மாத்திரை தோலைக் கறுக்க வைத்தது, நரம்புக்குக் கொடுத்த இன்னொரு மாத்திரை முகத்தை உப்ப வைத்தது. "நல்லா ஒடம்பு வச்சிருக்குதே, என்னா விசேஷமா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். ஆமாம், விசேஷம்தான் என்றேன். நல்லூரில் நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் போனேன், நின்றேன், சாப்பிட்டேன், வந்தேன். போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

காதில் விழுந்து தங்கியது டாக்டர் சொன்ன கருவிக் கதைகள் மட்டும்தான். மாதம் ஒரு தடவை மாத்திரை வாங்கப் போவேன். கூட்டம் குறைந்த பிறகு என் கையை எடுத்து வைத்துக்கொண்டு சாவகாசமாகப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே பேசுவார். நான் குறுக்குக் கேள்வி கேட்பேன், அவருக்கு அது பிடிக்கும்.

ஒரு காலத்தில் தோலைப் பார்க்கக் கண்ணும் பகல் வெளிச்சமும்தான் கருவியாம். நோயாளியை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பார்ப்பார்களாம், விளக்கு வெளிச்சத்தில் நிறத்தை நம்ப மாட்டார்களாம். நாங்களும் பூச்சின் நிறத்தை வாசலுக்குக் கொண்டுவந்துதான் பார்ப்போம் என்றேன். அப்புறம் பூதக்கண்ணாடி வந்தது. சிவந்த இடத்தில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து அழுத்தி, சிவப்பு மறைகிறதா, நிற்கிறதா என்று பார்த்தார்கள். தோலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு லென்ஸ் வழியாகப் பார்த்தால் மேல்தோலுக்கு அடியிலும் தெரிகிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். டாக்டரின் செல்போன் லென்ஸ் அந்தக் குடும்பத்துப் பேத்தி. இப்போது எண்ணெய்கூட வேண்டாம், வெளிச்சத்தையே வடிகட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

ஒரு தடவை அறை விளக்கை அணைத்துவிட்டுக் கருநீல விளக்கு ஒன்றைப் போட்டுக் காட்டினார். வெண்புள்ளிக்காரர்களின் தோல் அதில் சுண்ணாம்பு அடித்தது போல மின்னுமாம். அந்தக் காலத்து விளக்குக்கு நிக்கல் கலந்த கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள் என்றார். நிக்கல் தூள் எங்கள் பூச்சு அறையில் டப்பாவில் இருக்கிறது, நிறத்துக்குச் சிட்டிகை போடுவோம். எங்கள் சரக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்திருக்கிறதே என்று நினைத்தேன். என் கையை அந்த வெளிச்சத்தில் நீட்டினேன். அது மின்னவில்லை.

உணர்ச்சியைச் சோதிக்கிற கருவிகளின் கதை தனி. கோழி இறகு, குண்டூசி, சுடுதண்ணீர் ஒரு குழாயிலும் பச்சைத் தண்ணீர் ஒரு குழாயிலும். இதில் ஒரு சங்கடம். தொடுகிறவர் கை கனமா, லேசா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். அதனால் ஒருவர் குதிரை முடியை வேறு வேறு கனத்தில் குச்சியில் ஒட்டி வைத்தாராம். முடி வளைகிற அளவுக்குத்தான் அழுத்தம் போகும், யார் பிடித்தாலும் ஒன்றுதான். ஆனால் ஈரக்காற்று அடித்தால் முடி தொய்ந்துபோகும். பிறகு முடிக்குப் பதில் நைலான் நூல் வந்தது. டாக்டரிடம் இருந்த பெட்டியில் பச்சைப் பிடி போட்ட நூல்தான் மெல்லியது. அதற்கு மேல் நீலம், ஊதா, சிவப்பு என்று தடித்துக்கொண்டே போகும். ஆளைக் கண்ணை மூடச் சொல்லி, தெரிகிறதா என்று கேட்பது மட்டும் இறகுக் காலத்திலிருந்து மாறவே இல்லை.

கட்டை விரலுக்குப் பச்சை நூலே தெரியும். மோதிர விரலுக்கு முதலில் சிவப்புதான் தெரிந்தது. சில மாதத்தில் ஊதா தெரிந்தது, மழைக்காலத்தில் நீலம் தெரிந்தது. என்னைவிட டாக்டருக்குத்தான் சந்தோஷம். சுண்டு விரலுக்கு எந்த நூலும் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் அந்த விரலைக் கடைசியில்தான் எடுப்பார். நானும் அதற்குள் மனதைத் தயார் செய்துகொள்வேன். தயார் செய்ய என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அது திரும்பிவிட வேண்டும் என்று ஒன்றே ஒன்றுதான் அந்த வருஷத்தில் நான் ஆசைப்பட்டேன்.

கம்பெனியில், கை வெந்துவிட்டது, இனிமேல் டிராலியில் கை வைக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். நோயின் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மேஸ்திரிக்கு மனசே ஆறவில்லை. "இந்த மாதிரி கை இனிமே எங்க கெடைக்கும்?" என்று புலம்பினார். பிறகு ஆபீஸ் அலமாரியைக் குடைந்து, கொரோனா காலத்தில் வாசலில் எல்லோர் நெற்றியிலும் நீட்டிய காய்ச்சல் துப்பாக்கியைக் கொண்டுவந்து டிராலியைப் பார்த்து நீட்டினார். அது மனுஷக் காய்ச்சலுக்கு மேல் எண்ணத் தெரியாத கருவி. நெருப்பைப் பார்த்ததும் பயந்துபோய் 'ஹை' என்று மட்டும் காட்டியது. பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் முதலாளி சூளைக்கென்றே ஒன்றை வாங்கிக் கொடுத்தார். "இது சொன்னா நம்பலாம்க்கா, ஒன்ன மாதிரி இல்ல" என்றார்கள் பெண்கள். இப்போது நான் அதை நீட்டி எண்ணைப் படித்துவிட்டு "எடுக்கலாம்" என்கிறேன். யாருக்கும் கை சுடுவதில்லை.

மாத்திரை முடிந்த மாதம் டாக்டர் எல்லா நூலையும் வைத்து நிதானமாகப் பார்த்தார். செல்போன் லென்ஸை வைத்துப் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். மேட்டில் அங்கங்கே ரோமம் முளைத்திருந்தது.

"நோய் போயிடுச்சுக்கா. நீங்க ஒழுங்கா சாப்ட்டதாலதான். சுண்டு வெரல் மட்டும் இப்படியேதான் இருக்கும்னு நெனைக்கிறேன். தெனமும் கண்ணால பாத்து வச்சிக்கோங்க. எண்ணெ தடவுங்க."

"சரிங்க டாக்டர். போயிட்டு வரேன்" என்றேன். அவர் எழுந்து வந்து வாசல் வரை நடந்தார். ஜங்ஷனில் பஸ் நிற்கவில்லை, அடுத்த பஸ்ஸில் வந்தேன். வீட்டுக்கு வந்து அரிசி களைந்து குக்கரில் வைத்தேன். ஒரே ஒரு ஆசை வைத்திருந்தேனே, அது இல்லை என்று ஆகிவிட்டதே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி இருந்தது.

பாப்பா வீட்டுப் பாடத்தை முடித்துவிட்டு வந்து அடுப்படி வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "டாக்டரு என்னா சொன்னாங்க?" என்று கேட்டாள். நல்லாயிடுச்சு என்றேன். நம்பவில்லை. "நான் பாக்குறேன். கண்ண மூடு" என்றாள்.

மூடினேன். கன்னத்தில் விரல் பட்டது, சொன்னேன். மூக்கில் பட்டது, சொன்னேன். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், எல்லாம் சொன்னேன். மோதிர விரலைக்கூடச் சொல்லிவிட்டேன். அப்புறம் அவள் தொடவில்லை. குக்கர் விசில் அடித்தது. டிவி பார்க்க ஓடிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணைத் திறக்காமலே, "பாப்பா, எங்க போன? விளையாட்டு முடிஞ்சுதா?" என்று உள் அறைப் பக்கம் குரல் கொடுத்தேன்.

"எங்கியும் போவலம்மா." குரல் என் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது. "ஒன் சுண்டு வெரலப் புடிச்சிக்கிட்டுத்தான இருக்கேன்."

கண்ணைத் திறந்தேன். முழுக் கையாலும் மூடிப் பிடித்திருந்தாள். ஒரு வருஷமாக வராத அழுகை அப்போது வந்தது, நிற்காமல் வந்தது. அவள் பயந்துபோய் என் முகத்தையே பார்த்தாள். அவள் பிடியை விட்டுவிட்டால் எனக்குத் தெரியாது என்பதால், நான் கண்ணைத் துடைக்காமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.